குறையில்லாத குட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் மகள் கையில் ஒரு நாய்க்குட்டியோடு வாசலில் நின்றாள். நான் கதவைத் திறந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "என்ன இது?" என்றேன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் குட்டி அவள் பிடியிலிருந்து நழுவி இறங்கியது. கூடத்தைக் குறுக்கே கடந்து போய், மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. வாலை ஆட்டவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. நாய் எங்கேயாவது இப்படி உட்காருமா?

"கெடச்சுதும்மா, இப்பத்தான். வர்ற வழியில சாக்கடை ஓரமா கெடந்தது. பாவம், மழையில நடுங்கிக்கிட்டு இருந்துச்சு."

மழை பெய்தது உண்மைதான். ஆனால் குட்டியின் மேல் ஒரு மயிர்கூட ஈரமாக இல்லை. கிட்டே போய் முகர்ந்து பார்த்தேன். சாக்கடை நாற்றத்துக்குப் பதிலாக சோப்பு வாசனை வந்தது. நகங்களை யாரோ அளவாக வெட்டிவிட்டிருந்தார்கள்.

"துடைச்சுட்டேன்" என்றாள், நான் கேட்காமலே.

"நகத்தையும் வெட்டிட்டியா?"

"பதினஞ்சாம் தேதி வரைக்கும் வெச்சுப் பார்ப்போம்மா. உனக்கு ஒத்து வரலேன்னா நான் கூட்டிக்கிட்டுப் போயிடறேன்" என்றாள். எங்கே கூட்டிக்கொண்டு போவாள்? ஏன் பதினைந்தாம் தேதி? கேட்டால் பொய்தான் வரும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு, மனசுக்குள் முதல் குறையைக் குறித்துக்கொண்டேன்.

என் பிழைப்பே அதுதான். இருபத்திரண்டு வருஷமாக ஒரு சட்டைத் தொழிற்சாலையில் கடைசிச் செக்கிங்கில் நிற்கிறேன். தைத்து முடித்த சட்டை பெட்டிக்குள் போவதற்கு முன்னால் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். காலர் முனை இரண்டும் ஒரே அளவா, பட்டன் துளையில் பிசிறு இருக்கிறதா, கையிடுக்கில் தையல் இழுக்கிறதா என்று பார்ப்பேன். குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்புவேன். முதுகுக்குப் பின்னால் என்னைப் பூதக்கண்ணாடி என்கிறார்கள். முன்னாலேயே சொன்னாலும் எனக்கொன்றும் கோபமில்லை.

அந்த மேஜை எனக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அறுபது சட்டை உள்ள ஒரு கட்டுக்குள் நாலைந்து குறை இருந்தே தீரும். ஒன்றுகூட இல்லையென்றால் சந்தோஷப்படக் கூடாது. யாரோ முன்னாலேயே கட்டைப் பிரித்து, மோசமானதைப் பொறுக்கி ஒளித்துவிட்டு, நல்லதை மட்டும் அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்தக் குட்டி அப்படிப்பட்ட கட்டு.

அது சமையலறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வாசற்படி ஓரம் வரை வந்து, ஏதோ கோடு கிழித்தது போல நின்றது. தட்டில் பால் ஊற்றினால் பாய்ந்து குடிக்காமல் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தது. வாசலில் ஆறு ஜோடி செருப்பு கிடந்தும் ஒன்றின் வாரைக்கூடத் தொடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குரைக்கவே இல்லை. நான்காம் நாள் படியில் எதிர்ப்பட்ட கீழ்வீட்டுக்காரர், முன்னாள் பஸ் டிரைவர், "நாய் வளக்கறீங்களாமே, சத்தத்தையே காணோம்? உசுரோட இருக்கா?" என்றார்.

திங்கட்கிழமை காலை மகள் தூக்கக் கலக்கத்தில், "பட்டன், வா" என்றாள். குட்டி ஓடி வந்து அவள் காலடியில் நின்றது.

"அதுக்கு எப்பப் பேர் வெச்சே?"

"நேத்து ராத்திரி."

ஒரே ராத்திரியில் பெயரைக் கற்றுக்கொள்ளும் நாயா? எங்கள் மேனேஜருக்கு என் பெயர் பிடிபடவே ஒரு வருஷம் ஆனது.

என் பயத்தை மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு இருபத்தாறு வயது. ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. இரண்டரை மாதமாகத் தினமும் லேட்டாக வருகிறாள். கேட்டால் மெஷின் ரிப்பேர் என்பாள். இரண்டரை மாதம் ரிப்பேராகக் கிடக்கும் மெஷினை எந்த முதலாளி வைத்திருப்பான்? எவனோ ஒருத்தன் இருக்கிறான் என்று நான் எப்போதோ முடிவு கட்டியிருந்தேன். நாய் அவனுடையது. முதலில் நாயை அனுப்பி ஆழம் பார்க்கிறான், பின்னாலேயே பெட்டி படுக்கையோடு அவன் வருவான். அல்லது இவள் போவாள். அவள் அப்பா வேறொரு குடும்பத்தோடு போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இவளும் போய்விட்டால் இந்த இரண்டு அறை வீட்டில் நான் ஒருத்திதான். இன்னொரு தடவை கடைசி ஆளாகத் தெரிந்துகொள்ள நான் தயாராக இல்லை.

தொழிற்சாலையில் இஸ்திரி போடுகிறவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆவிக்கு நடுவே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை நாய்க்கே இவ்வளவு பழக்கம் சொல்லிக் கொடுத்திருக்கார்னா, தங்கமான மனுஷனா இருப்பார்க்கா" என்றார். அன்று அவர் மடித்த சட்டைகளில் நாலு அம்பு கூடுதலாக ஒட்டினேன்.

துப்பு கிடைத்தது புதன்கிழமை. மகள் குட்டிக்கு ஒரு மெத்தை கொண்டு வந்து போட்டாள். கடையில் வாங்கியதாம். அவள் வேலைக்குப் போனதும் நான் மெத்தையைத் திருப்பிப் போட்டு ஓரத்தைப் பார்த்தேன். தையல் முடியும் இடத்தில் நூல் பிரியாமலிருக்க மெஷினை இரண்டு தடவை பின்னுக்கு ஓட்டுவார்கள். இதில் மூன்று தடவை ஓட்டி, மூன்றாவது லேசாகக் கோணியிருந்தது. நாலு மூலையிலும் அப்படியே. கையெழுத்தை மாற்றி எழுதலாம், தையலை மாற்ற முடியாது.

அது காலர்காரியின் கை. ஆறு வருஷம் எங்கள் லைனில் காலர் தைத்தவள். அந்த மூன்றாவது தையலுக்காக ஆறு வருஷமும் அவளுக்கு அம்பு ஒட்டியிருக்கிறேன். ஒருநாள் அவளுடைய முழுக் கட்டையும் திருப்பி அனுப்பினேன். கத்தரிக்கோலை மேஜை மேல் விட்டெறிந்துவிட்டு வெளியே போனவள் திரும்பி வரவில்லை. அது நடந்து மூன்று வருஷம் இருக்கும். என்னைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

அவளுக்கு ஒரு தம்பி உண்டு, எலெக்ட்ரீஷியன். ஒரு தடவை அக்காவைக் கூட்டிப்போக வாசலில் வந்து நின்றான், முடியெல்லாம் எண்ணெய் வைத்து வாரி. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்னைப் பழிவாங்கத் தம்பியை ஏவிவிட்டிருக்கிறாள்! வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, அவள் வீட்டைத் தேடிப் போனேன்.

ஜன்னலோரம் மெஷினைப் போட்டு யாருடைய பேன்ட்டையோ உயரம் குறைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள்.

"வாங்கக்கா. இங்கயும் அம்பு ஒட்ட வந்துட்டீங்களா?"

"உன் தம்பி எங்கே?"

"எந்தத் தம்பி? எனக்கு இருக்கறது ஒருத்தன். அவன் கல்யாணமாகி ரெண்டு புள்ளைங்களோட வெளியூர்ல இருக்கான். அவன் உங்களுக்கு எதுக்கு?"

ஏறி வந்த வேகமெல்லாம் எனக்கு இறங்கிவிட்டது. நின்றுகொண்டே, "நாய் மெத்தை நீ தைச்சதுதானே?" என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பின்தையலா? இன்னும் அதை விடலையா நீங்க?"

"நீ விடலையே."

அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். உட்காரச் சொன்னாள். பாதி எரிச்சலும் பாதி சிரிப்புமாகச் சொல்லத் தொடங்கினாள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க லேபுக்குப் போனபோது என் மகள்தான் ஊசி குத்தினாளாம்; பேச்சுக் கொடுத்ததில் யார் மகள் என்று தெரிந்ததாம். அன்று லேபின் பின்பக்கம் ஒரு அட்டைப்பெட்டியில் கண்கூடச் சரியாகத் திறக்காத குட்டி கிடந்ததாம். வீட்டுக்குக் கொண்டு போகப் பயமாக இருக்கிறது என்று மகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாளாம். காலர்காரி தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ரெண்டரை மாசமா தெனம் வேலை முடிஞ்சு இங்கதான் வருவா. பழக்கிக்கிட்டே இருப்பா. சமையல்கட்டுக்குள்ள வரக் கூடாது, செருப்பைத் தொடக் கூடாது, குரைக்கக் கூடாது. 'எங்கம்மா ஒரு தப்புக்கு மேல தாங்க மாட்டாங்க, அதனால எல்லாத்தையும் இங்கயே முடிச்சுட்டுக் கொண்டு போகணும்'னு சொல்லுவா."

"குரைக்காம இருக்க எப்படிப் பழக்கினா?"

காலர்காரி கொஞ்சம் தயங்கினாள். "உங்களை மாதிரி நடிப்பாக்கா. வெளியில போயிட்டு உள்ள வருவா. இடுப்புல கையை வெச்சுக்கிட்டு, உங்க குரல்லயே 'என்ன இது?'ன்னு கேப்பா. அச்சு அசல் நீங்கதான். அதைக் கேட்டதும் குட்டி மூலையில போய்ச் சுவரைப் பார்த்து உட்காரணும். அப்பத்தான் பிஸ்கட். மொதல்ல நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம், 'ஏண்டி சுவரைப் பார்க்க வெக்கிறே, பாவம்'னு கேட்டேன். 'நான் அப்படித்தான் உட்காருவேன் சின்ன வயசுல'ன்னா. அதுக்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரல."

"நாலஞ்சு தடவைதான் அப்படி உட்கார வெச்சேன்" என்றேன்.

காலர்காரி பேன்ட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைசியாக அதையும் கேட்டேன். "அப்போ அவளுக்கு ஆள் யாரும் இல்லையா?"

"இருந்தாத் தேவலைன்னு இப்பத் தோணுதா?" என்றாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். மேல ஒரு ரூம் காலியா இருக்கு. பதினஞ்சாம் தேதி வரைக்கும் யாருக்கும் விட வேண்டாம்னு கேட்டிருக்கா. நீங்க குட்டிய வேண்டாம்னு சொல்லிட்டா, குட்டியோட அவளும் இங்க வந்துடுவா" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை. சந்தேகப்பட்டதில் பாதி சரி. போகத்தான் போகிறாள். ஆனால் எவனோ கூப்பிட்டு அல்ல. சோதனைக்கு வந்தது குட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேஜை மேல் கிடந்தது நான். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

அவளிடம் நேராகக் கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அதனால் நல்லவளாக இருந்து பார்ப்போம் என்று தீர்மானித்தேன். சனிக்கிழமை அவள் துண்டைக் கட்டில் மேல் போட்டிருந்ததைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. அவள் போட்ட டீயில் சர்க்கரை இல்லை, ருசித்துக் குடிப்பது போலக் குடித்தேன். குட்டியை சோபாவில் ஏறி உட்காரச் சொன்னேன். அது சோபாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று நினைத்தது போலத் தன் மெத்தைக்கே போய்விட்டது.

மகளும் நம்பவில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "உடம்பு சரியில்லையா? வேலைல ஏதாவது பிரச்சினையா?" என்றாள். "ஏன், நான் சிரிக்கக் கூடாதா?" என்றேன். "நீ சிரிச்சா பயமா இருக்கும்மா" என்று விளையாட்டாகத்தான் சொன்னாள், ஆனால் கண்ணில் விளையாட்டு இல்லை. நான் எல்லாச் சட்டையையும் பாஸ் பண்ணுகிற நாட்களில் லைனில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் இப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள். அந்த வாரம் முழுக்க அம்மாவும் மகளும் நாயும் ஓரக்கண்ணால் ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொண்டு வளைய வந்தோம்.

பதிமூன்றாம் தேதி நான் வேலையிலிருந்து வந்தபோது அவள் எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். கூடத்தில் மண்டியிட்டு எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டதும் சட்டென்று எழுந்து கையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனாள்.

"என்ன ஒளிக்கிறே?"

"ஒண்ணுமில்லம்மா."

ஒரு நாளைக்கு நூறு பேருக்கு ஊசி குத்துகிறவள், கை நடுங்காது என்று லேபில் பேர் வாங்கியவள். அவள் முழங்கை நடுங்குவதை நான் பார்த்தேன். என் மகள் என்னைக் கண்டு பயப்படுகிறாள். காலர்காரி சொன்னபோது காதால் கேட்டதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். அந்த நொடியில் நான் அவளைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் தரையில் கிடந்த கண்ணாடிச் சில்லைப் பார்த்துவிட்டேன். என் மூக்குக்கண்ணாடி. காலையில் அவசரத்தில் மறந்து வைத்துவிட்டு, அன்று முழுக்கப் பக்கத்து மேஜைக்காரியின் கண்ணாடியை இரவல் வாங்கித் தலைவலியோடு ஓட்டிய வேலை. அது இல்லாவிட்டால் எனக்குத் தையலும் ஒன்றுதான் தண்டவாளமும் ஒன்றுதான்.

ஒரு வாரமாக அடக்கி வைத்த நல்லவள் போன இடம் தெரியவில்லை.

"கண்ணில்லாம நாளைக்கு எப்படிடி வேலை பாப்பேன்? அறிவிருக்கா உங்க ரெண்டு பேருக்கும்? எடுத்துட்டுப் போ இந்தச் சனியனை! இப்பவே எடுத்துட்டுப் போ!"

சொல்லக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டிருந்த வார்த்தை அதுதான். சொல்லிவிட்டேன்.

குட்டி மூலைக்கு ஓடியது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. பிறகு என்ன நினைத்ததோ, திரும்பியது. நாலு காலையும் அகல ஊன்றிக்கொண்டு, என்னைப் பார்த்துக் குரைத்தது. கீச்சுக் குரல்தான், ஆனால் நிறுத்தவில்லை.

"கத்தாதே!" என்றாள் மகள். நாயைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கத்தாதேம்மா! மூணு மாசக் குட்டி அது, கடிக்கத்தான் செய்யும்! பதினோரு நாள்ல ஒரே ஒரு தப்பு! ஒரு தப்புகூடப் பண்ணாம யாரால இருக்க முடியும்? எனக்கு அப்போ ஆறு வயசு! பால் கொட்டினதுக்கு விளக்கு வெக்கிற வரைக்கும் சுவரைப் பார்த்து உட்கார வெச்சே!"

"நீ என்கிட்ட ரெண்டரை மாசம் பொய் சொல்லலாம், நான் கத்தக் கூடாதா? போ! அந்தக் காலர்காரி வீட்டு மாடிக்கே போ!"

அவள் திகைத்துப் போனாள். "அங்க போனியா? என்னை வேவு பார்க்கப் போனியா?"

"போனேன்! நீ என்னை விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயந்து போனேன்! ரெண்டு பஸ் மாறிப் போனேன்!"

"பயமா இருந்தா அதைச் சொல்ல வேண்டியதுதானே!"

"இப்பச் சொல்றேனே, காதுல விழலையா!"

குட்டி எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, யார் பேசினாலும் அவர்களைப் பார்த்துக் குரைத்தது. இருபத்தாறு வருஷத்தில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் கீழ்வீட்டுக்காரர்.

"நாய் சத்தம் கேட்டுச்சு" என்றார் சந்தோஷமாக. எங்கள் முகத்தைப் பார்த்ததும், "அப்புறம் வரேன்" என்று இறங்கிப் போய்விட்டார். சண்டை பாதியில் நின்றது. அவள் தன் அறைக்குப் போனாள், நான் சில்லுகளைப் பெருக்கினேன். மறுநாளும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பதினைந்தாம் தேதி வேலை முடிந்து வந்தேன். கதவோரம் ஒரு பெரிய பை இருந்தது, வாய் கட்டியிருந்தது. உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றேன்.

மகள் உள்ளிருந்து வந்தாள். நான் பார்க்கும் இடத்தை அவளும் பார்த்தாள். "பட்டனோட சாமான். அங்க கெடந்தது, எடுத்துட்டு வந்தேன்" என்றாள்.

நம்பாமல் கட்டை அவிழ்த்தேன். கிழிந்த துணிப் பந்து, பழைய துண்டு, கடித்துக் குதறிய மரக்கரண்டி. அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கை விட்டுத் துழாவினேன். அவள் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரூம்?" என்றேன்.

"வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்?" சந்தோஷமாக வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"அன்னிக்குப் பாதியில நிறுத்திட்டோம்ல. எனக்கு இன்னும் நெறைய கத்த வேண்டியிருக்கும்மா. அங்க போயிட்டா யார்கிட்ட கத்தறது?"

அவள் முகம் சிரிக்கவில்லை. நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அவளுக்கு எதிரே, தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

"சரி, கத்து" என்றேன்.